முப்பத்தொரு மாடுகளும் இரண்டு கையெழுத்தும்

பண்ணை வீடு
ஜூலை 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சௌக்கியம், முப்பத்தொரு மாடுகளும் சௌக்கியம். கொட்டகையின் வடக்குக் கூரை மட்டும் சௌக்கியமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊரார் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் தன் வீட்டுக்குப் பதினோரு மாடி நடந்து ஏறினான் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து, மாமியாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மாமியார் யாரென்று பதறாதே. எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளை மாடு. கல்யாணமாகாதவளுக்கும் ஒரு மாமியார் வேண்டாமா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "அப்புறம் அக்கா?" என்று மூன்று தடவை கேட்டுப் பேச்சை முடித்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

போன வாரம் மேட்டு வீட்டுக்காரர் வந்திருந்தார். "ரெண்டு பசங்களும் மாட்டோடவே இருக்கோம்னு சொல்லிட்டாங்கம்மா. உங்க நிலம், கொட்டகை, மாடு எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்தா நாங்க எடுத்துக்கறோம். ஒண்ணைக்கூட வெளியே தள்ள மாட்டோம்" என்றார். நல்ல மனுஷன். அவர் மாடுகளின் கால் குளம்பைப் பார்த்தாலே தெரியும்.

தாத்தா ஆறு மாட்டோடு தொடங்கினார். அப்பா நாற்பதாக்கினார். நான் முப்பத்தொன்றில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, தம்பி. காலை நாலரைக்கு ஒரு கறவை, மாலை நாலரைக்கு ஒரு கறவை. அப்பா இறந்த அன்றுதான் கடைசியாக ஒரு வேளை தவறியது. அன்றுகூடச் சாயங்காலம் கறந்துவிட்டோம், நினைவிருக்கிறதா? எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது.

அப்பா பண்ணையை நம் இருவர் பேரிலும் எழுதி வைத்திருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையதைப் போட்டு, பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னுடையதைக் கீழே போட்டு அனுப்பு. செப்டம்பர் முடிவதற்குள் சொல்லாவிட்டால் அவர் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஆகஸ்ட் 3

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு டீ ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பத்திரத்தையும் படித்தேன். படித்து, மடித்து, வந்த உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அலுப்பு, எனக்குப் புரிகிறது. அலுப்பில் எடுக்கிற முடிவும் பசியில் வாங்குகிற காய்கறியும் ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள். கூரைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் கேள். நான் இருக்கும் வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும், அவ்வளவுதான். என் மனைவி பிரிந்து போய் ஆறு வருஷமாகிறது. மகள் அவள் அம்மாவிடம் வாரம் ஒரு தடவை பேசுகிறாள், என்னிடம் மாதம் ஒரு தடவை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க தெய்வம் சார்" என்பார்கள். அடுத்த நாள் அதே லிஃப்டில் என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. இந்த நிலைமையில் யாராவது "உங்க குடும்பம் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "எங்களுக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருக்கு, மூணு தலைமுறையா" என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது என் முதுகே நிமிர்ந்துவிடும். அதையும் எடுத்துவிட்டால் நான் என்ன சொல்வது, அக்கா?

இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள். அதற்குள் எனக்கு இங்கே ஒரு வழி பிறந்துவிடும், வந்துவிடுகிறேன்.

மாமியாருக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
தம்பி


பண்ணை வீடு
ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா இறந்த பத்தாம் நாள் பஸ் படியில் நின்றுகொண்டு நீ சொன்னதும் அதுதான். "ஒரு வருஷம் பாத்துக்கோக்கா, வந்துடறேன்." பதினோரு வருஷமாகிவிட்டது. உன் காலண்டரில் ஒரு வருஷத்துக்கு எத்தனை மாதம்?

ஆள் வைக்கச் சொல்கிறாய். வைத்தேன். முதலில் வந்தவன் நாலாம் நாள், "ஞாயித்துக்கிழமைகூடவா கறக்கணும்?" என்று கேட்டான். மாட்டிடம் யார் போய் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வது? இரண்டாவது ஆள் அந்தக் கேள்விகூடக் கேட்கவில்லை, சனிக்கிழமையே போய்விட்டான்.

சரி, ஒளித்து என்ன ஆகப்போகிறது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியாதபடி சிரி.

பால் லாரிக்காரரை உனக்குத் தெரியும், அப்பா காலத்தின் கடைசியில் வர ஆரம்பித்தவர், வழுக்கைத் தலை. நம் குளிர்தொட்டியிலிருந்து அவர் லாரிக்குப் பால் ஏறி முடிய ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷமும் பால் அறை வாசலில் நின்று நான் கொடுக்கும் டீயைக் குடிப்பார். பதினாறு வருஷமாகத் தினம் ஏழு நிமிஷம் பேசியிருக்கிறோம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தது, அவர் மகள் சலவைக் கடை வைத்தது, எனக்குப் பல் எடுத்தது எல்லாம் அந்த ஏழு ஏழு நிமிஷத்துக்குள்தான். மிச்சமுள்ள இருபத்து மூன்று மணி ஐம்பத்து மூன்று நிமிஷமும் நான் மாட்டோடுதான் பேசுகிறேன்.

ஜூன் கடைசியில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வருகிறவன் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. குழாயை மாட்டிவிட்டு உள்ளே ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொள்கிறான். அவன் பேரில் தப்பில்லை, சின்ன வயசு. முதல் நாள் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். அடுத்த நாளும் இரண்டு போட்டுவிட்டேன், தம்பி.

அவர் எனக்கு எழுதியிருக்கிறார். "ஊருக்கு வந்து பாருங்க. பிடிச்சிருந்தா இருந்துடுங்க. பிடிக்கலேன்னா பஸ் இருக்கு." அவ்வளவுதான் கடிதம். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தியை இதைவிட மரியாதையாக யாரும் கூப்பிட முடியாது என்று நினைக்கிறேன்.

இதற்குத்தான் உன் கையெழுத்து வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்பு அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. முதலில் கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். பால் வண்டியோடு பண்ணையே போகிறதே என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து வெட்கமாக இருந்தது. நீ டீ போடுகிற அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்று செய்வோம். நீ அந்த மனுஷனை ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம்தான் பார்த்திருக்கிறாய். அதை நம்பி முப்பத்தொரு மாட்டையும் கொடுத்துவிட்டு, அப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்காதே. எனக்குப் பத்து நாள் விடுப்பு தருகிறார்கள். செப்டம்பர் இரண்டாம் தேதி நான் வருகிறேன். நீ போய்ப் பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு வா. அதுவரை கையெழுத்துப் பேச்சு வேண்டாம். பத்திரத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, "போடுடா" என்று சொல், போடுகிறேன்.

கறவைக்கு நானாச்சு. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை கறந்தவன். நீச்சலும் கறவையும் மறக்குமா?

தம்பி


பால் அறை, குளிர்தொட்டி மூடியின் மேல்
செப்டம்பர் 2, காலை பதினொன்று

தம்பி,

வா, வா. உன் பஸ் மூன்றுக்கு வருமாம். என்னுடையது பன்னிரண்டுக்கே போகிறது. வழியில் எங்கோ நாம் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவோம், ஜன்னல் பக்கம் பார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வருகிறாய், உன்னைப் பார்க்காமலே போகிறேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமலே இருந்துவிடுவேன் என்று பயம்.

அடுப்பில் குழம்பு இருக்கிறது, மூன்று நாளைக்கு வரும். முட்டை கூடையில். உன் பழைய அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன்.

மாடுகள் தானாகவே வரிசையில் வந்துவிடும். டீச்சர்தான் முதலில் வருவாள், நேரம் தவறினால் கொட்டகைக் கதவை முட்டுவாள். தூங்குமூஞ்சியைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். அழுமூஞ்சிக்குக் கன்று போட்டு இருபது நாள், காம்பைக் கழுவும்போது வெந்நீர் கலந்துகொள். பச்சைத் தண்ணீர் பட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்வாள். காலில் சிவப்புப் பட்டை கட்டியவை இரண்டு, மாமியாரும் குட்டைவாலும். அவற்றைக் கடைசியில் கற. உனக்குத் தெரியாததா. தொட்டி சரியாக நாலு டிகிரியில் நிற்கிறதா என்று தூங்கப் போகும் முன் ஒரு தடவை பார்.

லாரிக்காரரின் மகள் வீட்டில்தான் தங்குகிறேன், முகவரி பின்பக்கம். அவர் வீடு அடுத்த தெரு. ஊர் வாய்க்குப் பயந்து அல்ல, எனக்கே அப்படித்தான் சரியென்று பட்டது.

பஸ் ஹாரன் கேட்பது மாதிரி இருக்கிறது. இல்லை, அழுமூஞ்சி கத்துகிறாள்.

அக்கா


பண்ணை வீடு
செப்டம்பர் 4, காலை

அன்பு அக்காவுக்கு,

நீச்சல் மறக்காது. கறவை மறந்துவிடுகிறது. முதல் நாள் மாலை நாலரைக்குத் தொடங்கியவன் எட்டரைக்குத்தான் முடித்தேன். டீச்சர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வகுப்பில் பாடம் படிக்காமல் வந்தவனைப் பார்க்கிற மாதிரி. இப்போது பரவாயில்லை. இன்று காலை மூன்று மணி நேரம். இடுப்பு என்னுடையதாக இல்லை.

சிவப்புப் பட்டை இரண்டையும் கடைசியில்தான் கறந்தேன். அப்பா செய்கிற மாதிரியே இடது பக்கமாகப் போய், பின்னங்காலுக்குக் கயிறு போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் உதைக்கவில்லை! இரண்டும் பரம சாது. உதைகாலிகளை இப்படிப் பழக்கி வைத்திருக்கிறாயே, நீ கெட்டிக்காரிதான். நேற்றும் உதைக்கவில்லை, இன்றும் உதைக்கவில்லை. பாலும் தாராளம்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று முழுக்க நான் ஒரு மனுஷரிடமும் பேசவில்லை. லாரிக்காரப் பையன் கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினான், அவ்வளவுதான். சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, எதிர் நாற்காலியின் மேல் நீ பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்றுதானே அர்த்தம். எனக்குச் சாப்பிட முடியவில்லை, அக்கா.

நீ அங்கே நன்றாக இரு. அந்த மனுஷனிடம் நிறையப் பேசு.

தம்பி


சலவைக் கடை மாடி
செப்டம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தைலம் அலமாரியில், மேல் தட்டில்.

இந்த ஊரில் என் ஜன்னலுக்குக் கீழே பஸ் பணிமனை. காலை ஐந்துக்கு முதல் பஸ் கிளம்பும் சத்தம் கேட்கிறது. எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் எழுந்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு நாளும் எழுந்து செருப்பைத் தேடினேன். மூன்றாம் நாள் படுத்தபடியே இருந்தேன். சும்மா படுத்திருப்பதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

லாரிக்காரரின் மகள் நல்ல பெண். நேற்று கடையில் ஆளில்லை என்று போர்வைகளைப் பிழிந்து கொடுத்தேன். என் கையைப் பார்த்து, "மெஷினே வேண்டாம்மா, நீங்க இருந்தா போதும்" என்றாள். அவரும் நன்றாக இருக்கிறார். தினம் மாலை வந்து கூப்பிட்டுப் போகிறார், நடக்கிறோம்.

மாடுகள் எப்படி இருக்கின்றன? பால் லாரி தினமும் ஒழுங்காக வருகிறதா? பாலை எடுத்துப் போகிறார்களா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அக்கா


பண்ணை வீடு
செப்டம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். லாரி வருகிறது. பாலை எடுத்துப் போகிறார்கள். நீ இதையெல்லாம் நினைத்துக் கவலைப்படாதே. பத்து நாள் போதாவிட்டால் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டு வா. நான் விடுப்பை நீட்டிக்கொள்கிறேன்.

கையில் கொப்புளம், எழுத முடியவில்லை. அதனால்தான் சுருக்கம்.

தம்பி


பண்ணை வீடு
செப்டம்பர் 11

அக்கா,

நேற்று முன்தினம் எழுதியது பொய். நீ நாளைக்குப் புறப்பட்டு வந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இதை இன்றைய பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நாலாம் தேதி மத்தியானம் பால் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதல் நாள் லாரியில் ஏற்றிய பாலில் மருந்து கலந்திருந்ததாம். லாரி முழுவதையும் கொட்டிவிட்டார்கள், மற்ற ஒன்பது பண்ணைக்காரர்களின் பாலும் அதில் போயிற்று. நான் அப்படியெல்லாம் இருக்காது என்று வாதாடினேன். அவர்களோடு வந்த மாட்டு டாக்டர் கொட்டகைக்குள் போய் மாமியாரின் காலைப் பார்த்தார். "இதுக்கு முப்பத்தொண்ணாம் தேதிதான் மடிநோய்க்கு நானே மருந்து ஏத்தினேன். பட்டை கட்டியிருக்கே, பாக்கலையா? உங்க அக்கா பட்டை கட்டினா அந்தப் பாலைத் தனி வாளியில கறந்து கீழே கொட்டுவாங்களே" என்றார்.

நம் வீட்டில் சிவப்புப் பட்டை என்றால் உதைக்கிற மாடுதானே, அக்கா? அப்பா அப்படித்தானே கட்டுவார்? மருந்து போட்ட மாட்டைக் கடைசித் தொழுவத்தில் பிரித்துக் கட்டி, கரும்பலகையில் எழுதி வைப்பார். கரும்பலகையை நான் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நீ மாற்றியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் எதுவும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதிலிருந்து நம் பாலை எடுப்பதில்லை. பதின்மூன்றாம் தேதி வந்து மூன்று தடவை சோதித்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார்களாம். ஆனால் மாடு கேட்குமா? மடி கட்டிக்கொண்டு கத்துகிறதே. ஏழு நாளாக இரண்டு வேளையும் முப்பத்தொரு மாட்டையும் கறக்கிறேன். கறந்து தொட்டியை நிரப்புகிறேன். நிரம்பியதும் கீழே குனிந்து அடைப்பானைத் திறந்துவிடுகிறேன். வாய்க்கால் வழியாகச் சாணக் குழிக்குப் போகிறது. பிறகு தொட்டியைக் கழுவிவிட்டு, அடுத்த கறவைக்கு மணி பார்க்கிறேன். மூன்றாம் நாள் அந்த வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயசு ஆளு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சத்தமாகவே அழுதேன். நிஜமாகவே யாரும் பார்க்கவில்லை.

மேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவர் பாலும் அந்த லாரியில்தான் போனது. திட்டுவார் என்று நின்றேன். "அக்கா இருந்தா இது நடந்திருக்காது" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் தெரியுமா? சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக வெளியே போயிருக்கிறாய், அதையும் நான் கெடுக்க வேண்டாமென்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், நான் திரும்பிப் போகவில்லை. இங்கேயே இருக்கிறேன். நீ வா. காலைக் கறவை என்னுடையது, மாலைக் கறவை உன்னுடையது. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அவரையும் இங்கேயே கூட்டி வா, எனக்கு ஆட்சேபணையில்லை. செய்தித்தாளையெல்லாம் எடுத்துவிட்டேன், நாற்காலி காலியாக இருக்கிறது. இந்தத் தடவை ஒரு வருஷம் என்று சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

உன் தம்பி


சலவைக் கடை மாடி
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி நான் பஸ் ஏறவில்லை என்பது உனக்கே தெரிந்திருக்கும். நீ நிறுத்தத்தில் போய் நின்றாயா? நின்றிருந்தால் மன்னித்துக்கொள்.

பட்டை விஷயம் என் தப்பு. உன் தப்பில்லை. அப்பா போன மறு வருஷம் உதைகாலிகளை விற்றுத் தள்ளிவிட்டேன். மருந்து போட்டதைப் பிரித்துக் கட்ட ஒரு கை போதவில்லை. சும்மா கிடந்த பட்டையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். அது அப்பாவின் பழக்கமில்லை, என் பழக்கம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நான் ஒருத்தி மட்டுமே கறக்கிற இடத்தில் எது யாருடைய பழக்கம் என்று யார் சொல்லித் தெரிந்துகொள்வது?

இனி எழுதப்போவதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆறாம் தேதியே எனக்குத் தெரியும். "ஒன்றும் உதைக்கவில்லை" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பால் லாரிக்குப் போனது, அவர்கள் கண்டுபிடித்திருப்பது, நிறுத்தியிருப்பது, நீ கறந்து கறந்து கொட்டிக்கொண்டிருப்பது, எல்லாம். பணிமனை ஜன்னலுக்கு எதிரேதான் இருக்கிறது. ஒன்றரைக்கு ஒரு பஸ். பையைக்கூட எடுத்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அந்த பஸ் போவதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் உனக்கு எழுதினேன், லாரி வருகிறதா என்று. வரவில்லை என்று நீ எழுதியிருந்தால் வந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். நிஜம் எனக்கே தெரியாது. நீ பொய் எழுதினாய். எனக்கு நிம்மதியாக இருந்தது, தம்பி. எட்டு நாள், உன் இடுப்பும் கையும் என்ன பாடு படும் என்று தெரிந்தே, நான் இங்கே போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நன்றாகத் தூங்கவும் தூங்கினேன். என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

லாரிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ சொன்னது பலித்தது. எங்களுக்கு ஏழு நிமிஷத்துக்குத்தான் பேச்சு இருந்தது. எட்டாவது நிமிஷம் அவர் டிவியைப் போடுகிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். நான்காம் நாள் அவரே கேட்டார், "நாம அங்க நல்லாப் பேசிக்கிட்டிருந்தோமில்ல?" பாவமாக இருந்தது. "லாரி நின்னுச்சு, அதனால பேசினோம்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவரைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு சட்டை சலவைக்குக் கொண்டுவருவார், டீ போடுவேன்.

ஆனால் நான் திரும்பி வரவில்லை. அவருடைய மகள் கடையிலேயே வேலை கொடுத்திருக்கிறாள், இந்த மாடி அறையும் எனக்குத்தான். இங்கேயும் தனிமைதான், பொய் சொல்ல மாட்டேன். நேற்று மாலை யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்து, பணிமனைக் காவலாளியிடம் போய் மணி கேட்டேன். என் கையில் கடிகாரம் கட்டியிருந்தது. ஆனால் அங்கே இதே தனிமையோடு முப்பத்தொரு மாடுகளும் இருந்தன.

காலைக் கறவை உன்னுடையது, மாலைக் கறவை என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் படியில் நின்று இதைச் சொல்லியிருந்தால், என் ஆயுசையே உனக்குக் கொடுத்திருப்பேன். இப்போது என்னிடம் இல்லை.

நீ அங்கே தனியாக இருந்து செய்ய வேண்டும் என்றால் செய், என் பாதியை உனக்கே எழுதித் தருகிறேன். ஆனால் மூன்றாம் நாளே வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து அழுதவன் நீ. நான் அழ ஆரம்பிக்க நாலு வருஷம் ஆயிற்று. யோசித்துக்கொள். இல்லையென்றால் கையெழுத்துப் போடு.

அக்கா


பண்ணை வீடு
செப்டம்பர் 17

அன்பு அக்காவுக்கு,

பன்னிரண்டாம் தேதி நிறுத்தத்தில் நின்றேன். மூன்று மணி பஸ், ஆறு மணி பஸ் இரண்டுக்கும் நின்றேன். அதனால் மாலைக் கறவை தாமதம், டீச்சர் கதவைப் பெயர்த்துவிட்டாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கொட்டகையைக் கழுவினேன், கழுவின கொட்டகையையே மறுபடியும் கழுவினேன். தெரிந்தே இருந்தாயா என்று கத்த வேண்டும் போலிருந்தது. மாமியாரிடம் கத்தினேன். பிறகு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நானும் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா போன முதல் மழைக்காலத்தில் நீ ஒரு கடிதம் எழுதியிருந்தாய். சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது, கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் கறக்கிறேன், எழுத்துக் கோணலாக இருக்கிறது, சிரிக்காதே என்று. வேறொன்றும் நீ கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை ஒரு லிஃப்டின் மேல்கூரையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு கையால் நாற்பது மாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நான் பத்து வருஷம் கறந்தவன். எனக்கு விடுப்பும் இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கி, சாப்பிடப் போனேன். நன்றாகவே சாப்பிட்டேன். பதிலில் "எழுத்து கோணல்தான்" என்று கேலி செய்து எழுதினேன்.

நீ எட்டு நாள் தெரிந்தும் வரவில்லை. நான் பதினோரு வருஷம் தெரிந்தும் வரவில்லை. இதில் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை, அக்கா.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பெயருக்குக் கீழே. மேட்டு வீட்டுக்காரர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். அன்றைய காலைக் கறவையை நான் கறந்துவிட்டு, மாடுகளின் பெயரையெல்லாம் அவர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். ஆபீசில் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த பஸ் உன் ஊர் வழியாகத்தான் போகிறது, பணிமனையில் இருபது நிமிஷம் நிற்குமாம். இறங்கட்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். உனக்கு வர வேண்டும் என்று தோன்றினால் மட்டும் கீழே வா.

உன்,
தம்பி